தங்க மருந்தும் பூ அறையும்

சென்ற தவக்காலத்தில் ஒரு நாள் விடியற்காலைத் திருப்பலி முடிந்து, நாம் திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்த வேளையில், பங்கைச் சேர்ந்த பெண்மணி ஒருவர் திருப்பண்ட அறையின் வாசலில் வந்து நின்றார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த இரண்டு துண்டு விளம்பரங்களை எடுத்து நீட்டினார். ஒன்று, பத்தே நாளில் குடியை மறக்கச் செய்யும் பொடியைப் பற்றியது. குடிப்பவருக்குத் தெரியாமலே சோற்றிலோ காப்பியிலோ கலந்து கொடுக்கலாமாம். நூறு விழுக்காடு உத்தரவாதமாம். மற்றது ஒரு மறுவாழ்வு இல்லத்தைப் பற்றியது. ஆள் வர மறுத்தால் வீட்டுக்கே வண்டி அனுப்பி ஏற்றிச் செல்வார்கள். தொண்ணூறு நாள் தங்கல். முதல் மாதம் முழுவதும் உறவினர் பார்க்க இயலாது. "சாமி, தாலிக்கொடிய வச்சா ஒண்ணுக்குத்தான் பணம் வரும். எதுக்குக் கட்டட்டும்?" என்று கேட்டார்.

நாம் உடனே விடை சொல்லவில்லை. மாலையில் வரச் சொன்னோம். ஏனெனில், இதே கேள்விக்கு நாம் முன்னர் இருமுறை தவறான விடை சொன்னவர்கள். இக்கேள்வி நம் ஊரில் பிறந்ததுமன்று. இருநூறு ஆண்டுகளாகப் பல நாட்டினர் இதற்கு விடை தேடி, ஏமாந்து, மீண்டும் தேடியிருக்கின்றனர். அந்த வரலாற்றை நாம் முன்னரே அறிந்திருந்தால் அத்தவறுகளில் ஒன்றையேனும் தவிர்த்திருப்போம்.

அயர்லாந்தின் கார்க் நகரில் தியோபால்ட் மேத்யூ என்னும் கப்புச்சின் சபைத் துறவி 1838-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள், மதுவை முற்றிலும் விலக்கும் உறுதிமொழியில் கையொப்பமிட்டார். அவரைத் தொடர்ந்து மக்கள் அலையலையாக வந்தனர். முழந்தாளிட்டு உறுதிமொழி கூறிப் பதக்கம் பெற்றுச் சென்றனர். 1841-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அயர்லாந்தின் மக்கள்தொகை ஏறக்குறைய 82 இலட்சம். அதில் பல இலட்சம் பேர் உறுதிமொழி எடுத்தனர் என்பதும், சில ஆண்டுகளில் அந்நாட்டில் வரி கட்டி விற்கப்பட்ட சாராயத்தின் அளவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்பதும் எளிய செய்திகள் அல்ல. ஆயினும் அடிகளார் ஊர்தோறும் உறுதிமொழி கொடுத்தாரேயன்றி, தாம் அடுத்த ஊருக்குப் போன பின் அவர்களைத் தாங்கி நிற்க வலுவான அமைப்பு எதையும் விட்டுச் செல்லவில்லை. 1845 முதல் உருளைக்கிழங்குப் பஞ்சம் நாட்டைச் சூறையாடிற்று. அடிகளார் 1856-இல் இறந்தபோது அவருடைய இயக்கத்தின் பெரும்பகுதி கரைந்து போயிருந்தது.

நாமும் இளங்குருவாக இருந்தபோது இதையே செய்தோம். திருவிழாவின் இறுதி நாளில் ஆண்களைப் பீடத்தின் முன் முழந்தாளிடச் செய்து, விவிலியத்தின்மேல் கை வைத்து ஆணையிடச் செய்தோம். அவர்களுள் ஒருவர் கொத்தனார்; நல்ல குரல் வளம் உடையவர்; பாடற்குழுவில் முன்வரிசையில் நிற்பார். பதினோராம் நாள் அவர் குடித்துவிட்டார். ஆணையை முறித்தவன் என்ற வெட்கத்தால் பாடற்குழுவுக்கும் வரவில்லை, ஆலயத்திற்கும் வரவில்லை. அவரே வரட்டும் என்று நாமும் இருந்துவிட்டோம். நான்காண்டுகள் கழித்து அவருடைய அடக்கச் சடங்கை நிறைவேற்றியபோதுதான் அவர் வீட்டு வாசலை முதன்முதலாகக் கண்டோம்.

இனி, தங்க மருந்தின் கதை. இது விரிவாகச் சொல்லத்தக்கது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் டுவைட் என்ற சிற்றூர். அங்கே லெஸ்லி கீலி என்ற மருத்துவர், குடி ஒரு நோய், அதைத் தம்மால் குணமாக்க முடியும் என்று 1879-இல் அறிவித்தார். குடிகாரனைப் பாவி என்றும் கோழை என்றும் உலகம் ஏசிக்கொண்டிருந்த காலத்தில் அவ்வாறு சொன்னது சிறு செயலன்று. தம் மருந்தில் தங்கம் சேர்ந்திருப்பதாகக் கூறிய அவர், அதன் கலவையை எவருக்கும் வெளியிடவில்லை. நோயாளிகள் நாளைக்கு நான்கு முறை வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொள்வர். ஏறக்குறைய நான்கு வாரத்தில் வீடு திரும்புவர். சிக்காகோ நாளிதழ் ஒன்றின் ஆசிரியர் ஜோசப் மெடில், சோதித்துப் பார்க்கக் குடிகாரர் சிலரை அனுப்பினார். அவர்கள் தெளிந்து திரும்பினர். செய்தி பரவிற்று. நாடெங்கும் இருநூற்றுக்கு மேற்பட்ட கீலி நிலையங்கள் எழுந்தன.

நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் குணமடைவதாகக் கீலி கூறினார். அந்தக் கணக்கில் ஒரு தந்திரம் இருந்தது. மீண்டும் குடித்தவனை அவர் தோல்வியாக எண்ணுவதில்லை. அவன் குணமானவனே, தன் விருப்பத்தால் மறுபடி குடிக்கிறான் என்று சொல்லிவிடுவார். இப்படிக் கணக்கெழுதினால் நூற்றுக்கு நூறும் காட்டலாமே! அம்மருந்தைச் சோதித்த வேதியியலார் தங்கத்தைக் காணவில்லை. கீலி 1900-இல் இறந்தார். டுவைட் நிலையம் 1960-களின் நடுப்பகுதி வரை நடந்து பின் மூடப்பட்டது.

ஆனால் அங்கே சென்று தெளிந்தவர்கள் இருந்தார்கள் என்பதும் உண்மை. டுவைட்டில் கம்பிக் கதவு இல்லை. நோயாளிகள் ஊருக்குள் தாராளமாக உலவினர், இழிவின்றி நடத்தப்பட்டனர், தம்மைப் போன்றவரோடு கூடிப் பேசினர், வீடு திரும்பிய பின் சங்கங்கள் அமைத்துக்கொண்டனர். தங்கம் செய்யாததை அந்தக் கூட்டுறவு செய்தது என்பதே பின்வந்த ஆய்வாளர் பலரின் கருத்து. நமக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

அக்காலத்தில் அபின் பழக்கத்தை நிறுத்துவதாகச் சொல்லி விற்கப்பட்ட புட்டி மருந்துகள் பலவற்றில் அபினின் சத்தான மார்ஃபினே இருந்தது. அமெரிக்கச் சட்டம் 1906-இல்தான் இத்தகைய பொருள்களைச் சீட்டில் எழுதக் கட்டாயப்படுத்திற்று. பெண்மணி கொண்டுவந்த பொடியின் விளம்பரத்தில் என்ன கலந்திருக்கிறது என்பதற்கு ஒரு சொல் கூட இல்லை.

தெரியாமல் கலந்து கொடுப்பதைப் பற்றி இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியதிருக்கிறது. டைசல்ஃபிரம் என்ற மருந்து உண்டு. டென்மார்க்கு அறிஞர்களான ஹால்டும் யாக்கோப்சனும் அதைக் குடற்புழுவுக்கு ஆராய்ந்து, தாங்களே விழுங்கிப் பார்த்தனர். பின் ஒரு விருந்தில் சிறிது மது அருந்தியபோது முகம் சிவந்து நெஞ்சு படபடத்து நோயுற்றனர். 1948 முதல் அது குடிநோய்க்குப் பயன்பட்டு வருகிறது. மருத்துவர் மேற்பார்வையில், விளைவை அறிந்து, இசைந்து உண்பவருக்கு அது துணை. அறியாமல் உண்டவர் அன்று மாலை வழக்கம்போல் குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். எந்தப் பொடியில் எது இருக்கிறது என்று யார் சொல்ல முடியும்? கணவரைக் காக்க எண்ணிய கையே அவரைக் கொல்லும்படி ஆகலாம்.

1935-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒகையோ மாநிலத்து ஆக்ரன் நகரில், பங்குத் தரகர் பில் வில்சனும் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித்தும் ஒருவரையொருவர் தாங்கியே குடியை விட்டனர். பெயர் அறியாக் குடிநோயாளர் குழுமம் அவ்வாறு தோன்றிற்று. அதே நகரின் புனித தோமையார் மருத்துவமனையில் நோயாளிகளைச் சேர்க்கும் பொறுப்பில் இருந்தவர் அருட்சகோதரி இக்னேஷியா. அயர்லாந்தில் பிறந்தவர், மெலிந்த உடல், இசை ஆசிரியையாக உழைத்து உடலும் மனமும் நொந்து, அதன்பின் இப்பணிக்கு மாற்றப்பட்டவர். குடிகாரரை மருத்துவமனைகள் ஏற்காத காலம் அது. 1939 ஆகஸ்டில் டாக்டர் பாப் ஒரு நோயாளியை அழைத்து வந்தபோது, வயிற்று அழற்சி என்று பதிந்து அவரைச் சேர்த்தார் சகோதரி. குடியிலிருந்து மீண்டவர்கள் வந்து தனிமையில் பேச இடம் வேண்டும் என்றார் டாக்டர். இடமில்லை. நோயாளிகளுக்கு வரும் மலர்களை ஒழுங்குபடுத்தும் சிறு அறை ஒன்றே இருந்தது. கட்டிலை அதற்குள் தள்ளிக் கொடுத்தார் சகோதரி.

அந்தப் பூ அறையில் நடந்தவற்றை எண்ணிப் பாருங்கள். முதலில் மருத்துவம்: பல்லாண்டு நாள்தோறும் குடித்தவர் சட்டென நிறுத்தினால் முதல் சில நாள்களில் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் நேரும், சிலர் இறந்தும் போவர். ஆதலால் இரவிலும் மருத்துவரும் செவிலியரும் வேண்டும். அடுத்து, அந்த இருளைக் கடந்து வந்த ஒருவர் கட்டிலருகே அமர்ந்து பேசினார். சில நாள்களில் வீடு திரும்பும்போது சகோதரி திரு இருதயப் பட்டயம் ஒன்றைக் கையில் வைத்து, மீண்டும் குடிக்க நினைத்தால் குடிப்பதற்கு முன் இதைக் கொண்டுவந்து என்னிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புவார். மேத்யூ அடிகளாரும் பதக்கம் கொடுத்தார். சகோதரி கொடுத்ததோடு திரும்பி வர ஒரு வாசலும் சேர்ந்து வந்தது. 1950-இல் டாக்டர் பாப் இறப்பதற்குள் ஏறக்குறைய ஐயாயிரம் பேர் அங்கே சிகிச்சை பெற்றிருந்தனர். பின்னர் சகோதரி கிளீவ்லாந்துக்கு மாற்றலாகி, அங்கும் இப்பணியைத் தொடர்ந்தார்; 1966-இல் இறந்தார்.

நம்முடைய இரண்டாம் தவறு வன்மையைப் பற்றியது. கலிபோர்னியாவில் 1958-இல் தொடங்கிய சினனோன் என்ற குழுமம், போதைக்கு அடிமையானவரை வட்டமாக உட்காரவைத்து, மாறி மாறி ஏசி உடைத்தால்தான் திருந்துவர் என்று நம்பிற்று. முதலில் பெரும்புகழ். நாளடைவில் தலைவனின் சொல்லே சட்டமாயிற்று. 1978-இல், தங்களுக்கு எதிராக வழக்காடிய வழக்கறிஞரின் அஞ்சல் பெட்டியில் அக்குழுவினர் விரியன் வகைப் பாம்பை வைக்கும் அளவுக்குப் போயிற்று. அதன் முறையைப் பெயர் தெரியாமலே பின்பற்றும் இல்லங்கள் பல நாடுகளில் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், பரிந்துரைக் கடிதம் கொடுத்து ஓர் இளைஞனை இத்தகைய இல்லம் ஒன்றுக்கு நாமே அனுப்பினோம். இரண்டு மாதம் கழித்து அவன் முதுகைக் காட்டினான். "நீங்க அனுப்புன எடம்தானே சாமி" என்று மட்டும் சொன்னான்.

நம் நாட்டில் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மது போதை சார்ந்த மனநோய்களையும் உள்ளடக்கியது. இத்தகைய சிகிச்சை நிலையங்கள் பதிவு பெற வேண்டும் என்றும், எவரையும் சங்கிலியால் கட்டலாகாது என்றும் அது விதிக்கிறது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியோடு எரிந்து மாண்ட 28 பேரை அறிந்த நமக்கு இவ்விதி ஏன் என்று விளக்கம் வேண்டா. சென்னையில், குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980-இல் நிறுவிய அறக்கட்டளை, நோயாளியோடு மனைவி மக்களுக்கும் சிகிச்சை உண்டு என்பதை நடைமுறையாக்கிற்று. அடிபட்டவர் குடித்தவர் மட்டுமல்லவே.

மாலையில் அப்பெண்மணி வந்தார். பொடி விளம்பரத்தை நாமே வாங்கி வைத்துக்கொண்டோம். இல்லத்தின் எண்ணுக்கு அவரையே பேசச் சொல்லி அருகில் அமர்ந்தோம். பதிவுச் சான்று உண்டா, இரவில் மருத்துவர் யார், நான் எப்போது வந்து பார்க்கலாம், வீட்டுக்கு வந்தபின் யாரிடம் போவது, மறுபடி குடித்தால் திரும்பச் சேர்ப்பீர்களா என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். மூன்றாம் கேள்வியிலேயே மறுமுனையில் இருந்தவர் சினந்து தொடர்பைத் துண்டித்தார். மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேட்டபோது, திங்கட்கிழமை அவரையே அழைத்து வாருங்கள், பேசிப் பார்ப்போம், பணம் வேண்டா என்றனர். உத்தரவாதம் எதுவும் தரவில்லை.

அன்றிரவு அவர் வீட்டுக்கு நாம் சென்றோம். கணவர் திண்ணையில் அமர்ந்திருந்தார். பாதி போதையில் எழ முயன்றார். ஆணை எதுவும் கேட்கவில்லை. திங்கள் காலை முதல் பேருந்தில் நாமும் வருகிறோம் என்று மட்டும் சொன்னோம். நீண்ட நேரம் கழித்து, "நீங்க எதுக்குச் சாமி" என்றார். திங்களன்று நாம் போவதற்கு முன்பே அவர் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தார், கை நடுங்க.