கல்லூரி வாசலில் ஒரு மருத்துவப் படிவம்

அமெரிக்கக் கல்லூரிகளில் இடம் பெற்ற மாணவர், வகுப்பில் அமர்வதற்கு முன் தடுப்பூசிச் சான்றையும் காசநோய் பற்றிய வினாப்படிவத்தையும் அளிக்க வேண்டியிருப்பது இன்று பரவலான நடைமுறை. வெறும் அலுவலக ஒழுங்காகத் தோன்றும் இப்படிவத்துக்குப் பின்னால் ஏறத்தாழ 160 ஆண்டுகால வரலாறு உண்டு. மாணவர் நலம் காப்பதைக் கல்லூரி முதலில் தன் கடமையாக ஏற்றது என்பதும், மாணவர்மீதான நிபந்தனைகளில் பெரும்பாலானவை அதன் பின்னரே வந்தன என்பதும் அவ்வரலாறு உணர்த்தும் உண்மை.

இதன் தொடக்கம் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரி. ஓயாத படிப்பால் மாணவர் உடல் நலிவதைக் கண்டு வருந்திய தலைவர் வில்லியம் ஸ்டேர்ன்ஸ், உடல்நலத்துக்கெனத் தனித்துறை வேண்டும் என வலியுறுத்தியதன் பயனாக, 1861இல் எட்வர்டு ஹிட்ச்காக் என்ற மருத்துவர் சுகாதாரம், உடற்பயிற்சி ஆகியவற்றுக்கான பேராசிரியரானார். மாணவரின் உயரம், எடை, மார்புச் சுற்றளவு, உடல்வலிமை ஆகியவற்றை அளந்து பதிவுசெய்த அவர், 1911இல் மறையும்வரை அக்கல்லூரியிலேயே பணியாற்றினார். கிரேக்கமும் கணிதமும் கற்பிப்பதைப் போலவே உடலைப் பேணக் கற்பிப்பதும் கல்லூரியின் வேலை என்ற எண்ணம் அவர் காலத்தில் வேரூன்றியது.

ஆனால் அறிவுரையும் அளவீடும் தொற்றுநோயைத் தடுக்கப் போதுமானவை அல்ல. பின்னாளில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் எனப் பெயர்பெற்ற கல்லூரியில் 1880இல் டைபாய்டு பரவி மாணவர் சிலர் மாண்டனர். அக்காலத்தில் நோயுற்ற மாணவரின் அறைக்கே சென்று உணவும் மருந்தும் கொடுத்துப் பார்த்துக்கொண்டவர் கல்லூரித் தலைவரின் மனைவியான இசபெல்லா மெக்காஷ். ஒருவருடைய அன்பை நம்பி நடந்துவந்த அப்பணிக்கு நிலையான இடமாக, 1893 அளவில் அவர் பெயரிலேயே ‘இன்ஃபர்மரி’ ஒன்று, அதாவது நோயுற்ற மாணவரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் சிறு மருத்துவமனை, அமைந்தது.

நோயாளிக்குப் படுக்கை கொடுப்பது மட்டும் போதாது என்பதைக் கார்னெல் பல்கலைக்கழகத்தின் துயரம் காட்டியது. அப்பல்கலைக்கழகம் அமைந்துள்ள இத்தாக்கா நகரில், வடிகட்டப்படாத ஓடைநீர் குழாய்களில் வந்ததால் 1903இல் டைபாய்டு மூண்டு, ஏறத்தாழ 80 பேரின் உயிரைப் பறித்தது. அவர்களுள் 29 பேர் கார்னெல் மாணவர்கள். நோய்த்தடுப்புப் பணியை நடத்த வரவழைக்கப்பட்ட ஜார்ஜ் சோப்பர் என்ற சுகாதாரப் பொறியாளரே, சில ஆண்டுகளுக்குப் பின் நியூயார்க்கில் நோய்க்குறி ஏதுமின்றி டைபாய்டைப் பரப்பிய மேரி மல்லன் என்ற சமையற்காரரைக் கண்டறிந்தவர். நகரத்தின் குடிநீர் தூய்மையாக இல்லாதபோது கல்லூரி வளாகம் மட்டும் நலமாக இருக்க முடியாது என்ற பாடத்தை இளம் உயிர்கள் பலவற்றைக் கொடுத்தே கற்க வேண்டியிருந்தது.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1906இல் நிறுவப்பட்ட மருத்துவச் சேவை இன்னொரு படி முன்னே சென்றது. மாணவர் அனைவரும் கட்டணத்தை முன்கூட்டியே செலுத்திவிட, நோயுற்றவர் அப்போது கையில் பணம் இருக்கிறதா என்று எண்ணிப் பாராமல் சிகிச்சை பெறும் முறை அது. நலமாயிருப்பவரின் பங்கு நோயுற்றவருக்கு உதவும் இந்த ஏற்பாடு பிற வளாகங்களிலும் பரவியது. இத்தகைய சேவைகளை இணைக்கும் மாணவர் நலச் சங்கம் 1920இல் தோன்றியது.

மாணவர்மீதான நிபந்தனைகள் இறுகியது தட்டம்மையால். 1963இல் அதற்குத் தடுப்பூசி வந்தபோதிலும், ஒரே தவணை பெற்றவருள் ஒரு சிறு பகுதியினருக்கு எதிர்ப்பாற்றல் உருவாகவில்லை. தடுப்பூசியே பெறாதவரும் இருந்தனர். இவர்கள் விடுதிகளில் நெருங்கி வாழ்ந்தமையால் 1980களில் கல்லூரிகளில் நோய் மீண்டும் தலைதூக்கியது. இல்லினாய் மாநிலத்தில், சமய நம்பிக்கையால் தடுப்பூசியைத் தவிர்த்தோர் நிறைந்த கல்லூரி ஒன்றில் 1985இல் மூவர் இறந்தனர். 1989இல் இரு தவணை முறை பரிந்துரைக்கப்பட்டது. 1957க்கு முன் பிறந்தவர் இயற்கையாகவே அந்நோய்க்கு ஆளாகி எதிர்ப்பாற்றல் பெற்றிருப்பர் என்ற கணிப்பில், மாணவரிடம் தடுப்பூசிச் சான்று கோரிய நியூயார்க் மாநிலச் சட்டம் அவர்களுக்கு விலக்களித்தது.

காசநோய்ச் சோதனை தமிழ் மாணவரை நேரடியாகத் தொடுகிறது. கிண்டியில் 1948இல், காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வகம் நிறுவப்பட்ட காலந்தொட்டு இந்தியாவில் பரவிய அவ்வூசி, பின்னாளில் பிறந்த குழந்தைகளுக்குப் போடப்படுவதாயிற்று. நோய்க்கிருமியின் புரதத்தைத் தோலில் செலுத்தி வீக்கத்தை அளக்கும் டியூபர்குலின் சோதனை, அவ்வூசி பெற்றவருக்குத் தொற்று இல்லாதபோதும் தொற்று இருப்பதாகக் காட்டக்கூடும். எனவே பி.சி.ஜி. கிருமியில் இல்லாத புரதங்களைக் கொண்டு செய்யும் இரத்தப் பரிசோதனை இத்தகையோருக்குப் பொருத்தமானது. எந்த நாட்டின் மருத்துவ வரலாற்றை ஒருவர் தம் உடலில் தாங்கி வருகிறார் என்பதை அறியாத விதி, அவருக்கு வீண் அச்சத்தையே தரும்.

ஆகவே சான்று கேட்கும் உரிமையும் சிகிச்சை அளிக்கும் கடமையும் பிரிக்க முடியாதவை. தூய குடிநீர், நோயுற்றால் படுக்கை, பணத்தை எண்ணாமல் அணுகத்தக்க மருத்துவர் ஆகியவற்றை அளிக்கும் கல்லூரியே, வீட்டைவிட்டு வந்து சேரும் மாணவரிடம் அப்படிவத்தைத் தகுதியுடன் நீட்ட முடியும்.