கரி குடித்த பஸ், மண்ணெண்ணெய் குடித்த கார்

தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தது என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்கு எங்க தாத்தா ஞாபகம்தான் வரும். "சேலத்துல இருந்து வரப்ப அந்த மேட்டுல பஸ்ஸ தள்ளாத ஆளே அப்ப கிடையாதுடா" என்பார். சும்மா கதை அளக்கிறார் என்றுதான் சின்ன வயதில் நினைத்தேன். ரொம்ப நாள் கழித்துத்தான் அதில் இருந்த உண்மை புரிந்தது.

அவர் சொன்னது கரி கேஸ் பஸ். தருமபுரி அப்போது தனி மாவட்டம் இல்லை, சேலத்தோடு இருந்தது (1965 அக்டோபர் 2-ல்தான் பிரிந்தது). இரண்டாம் உலகப்போர் நேரம். மோட்டார் ஸ்பிரிட் ரேஷனிங் ஆர்டர் 1941-லேயே வந்துவிட்டது. அடுத்த வருஷம் நிலைமை இன்னும் மோசம். ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தான். அவன் கையில் சிக்கக் கூடாது என்று 1942 மார்ச்சில் ரங்கூன் பக்கத்து சிரியம் சுத்திகரிப்பு ஆலையையும், ஏப்ரலில் ஏனாஞ்சாங் எண்ணெய்க் கிணறுகளையும் பிரிட்டிஷ்காரர்களே அழித்துவிட்டுப் பின்வாங்கினார்கள். பர்மா எண்ணெய் நின்றதும் இங்கே பஸ் முதலாளிகளுக்கு இரண்டே வழி: வண்டியை ஷெட்டில் நிறுத்தணும், இல்லை வேறு எதையாவது போட்டு ஓட்டணும்.

கிடைத்தது கரி. பெட்ரோல் என்ஜினுக்கு வேண்டியது எரியக்கூடிய வாயு, காற்று, ஒரு பொறி. வாயு எங்கிருந்து வருகிறது என்று என்ஜின் கேட்பதில்லை. பஸ்ஸின் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு டிரம். அதில் கரியைக் கொட்டிப் பற்றவைத்து, காற்றைக் குறைவாக விட்டால் கார்பன் மோனாக்சைடு கிளம்பும். அதைக் குழாய் வழியே ஆறவைத்து, தென்னை நார், துணி என்று வடிகட்டி என்ஜினுக்குள் விடவேண்டும். வாயு மெதுவாக எரியும் என்பதால் பொறி விழும் நேரத்தைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளி வைக்கணும். ஒரு லிட்டர் பெட்ரோல் செய்கிற வேலைக்கு ஏறக்குறைய ஒன்றரை கிலோ கரி. கம்பெனிகள் செய்து விற்ற பிளான்ட்டுகளும் உண்டு. தாத்தா போன வண்டியில் இருந்தது பட்டறையில் தகரத்தை வளைத்து ரிவெட் அடித்தது.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். ஜார்ஜ் இம்பெர்ட் என்ற பிரெஞ்சுக்காரர் செய்த விறகு வாயு அடுப்பு அங்கே பிரபலம். போர் முடியும்போது ஜெர்மனியில் மட்டும் சுமார் 5 லட்சம் வண்டிகள் இப்படி ஓடின என்கிறார்கள்.

ஆனால் அந்த வாயுவில் பாதி நைட்ரஜன். அது எரியாது. அதனால் என்ஜின் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை போய்விடும். சமதரையில் ஓடும் பஸ் தொப்பூர் மேட்டில் மூச்சு வாங்கும். டிக்கெட் எடுத்தவர்களே இறங்கித் தள்ளணும். தாத்தா சொன்னது கதையில்லை, வெறும் கணக்கு.

தாத்தாவுக்கு அப்போது 14 வயசு, கிளீனர். விடியக்காலையில் டிரம்முக்குப் பக்கத்தில் நின்று விசிறியைக் கையால் சுற்றவேண்டியது அவர் வேலை. கங்கு பிடித்து நல்ல வாயு வரக் கால் மணி நேரம் ஆகும். "தல வலிக்கும், வாந்தி வரும். வெறும் வயித்துல வந்ததாலனு முதலாளி சொல்வார். டீ வாங்கிக் கொடுப்பார்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடைத்தான் அந்தப் பையன் தினமும் சுவாசித்திருக்கிறார். இதே காலத்தில் ஸ்வீடனில் இந்த வாயு நஞ்சு ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாகி, மருத்துவர்கள் அதைப்பற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள். இங்கே டீ.

இந்தக் கதையின் இரண்டாவது பாதி எனக்குக் கிடைத்தது நாகாவதி அணை பக்கத்து இலங்கைத் தமிழர் முகாமில். அங்கே ஒரு பெரியவர், யாழ்ப்பாணத்தில் மெக்கானிக்காக இருந்தவர். கரி பஸ்ஸைப் பற்றிச் சொன்னதும், "தம்பி, நாங்கள் மண்ணெண்ணெயில கார் ஓடின ஆக்கள்" என்றார்.

1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கியதும் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை. மின்சாரம் இல்லை, பேட்டரி இல்லை, பெட்ரோலும் தடை. மண்ணெண்ணெய் மட்டும் அளவோடு வந்தது. 1995 கடைசியில் ராணுவம் நகரைப் பிடிக்கும் வரை ஐந்து வருஷம் இப்படித்தான். பழைய ஆஸ்டின், மோரிஸ் மைனர்களை அங்கே மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெய் குளிர்ந்த என்ஜினில் ஆவியாகாது. அதனால் ஒரு குட்டிப் போத்தலில் பெட்ரோல் வைத்து, கார்புரேட்டர் வாயில் சில துளி பீய்ச்சி ஸ்டார்ட் செய்வார்கள். என்ஜின் சூடேறியதும் மண்ணெண்ணெயே போதும். நம்ம ஊரில் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டும் பம்புசெட் பார்த்தவர்களுக்கு இது புதுசில்லை. 1950-களின் ஃபெர்குசன் டிராக்டர்களிலும் கம்பெனியே இரண்டு டேங்க் வைத்து இதே முறையில் விற்றது.

பழைய கார் மட்டும் ஏன்? அதன் கம்ப்ரஷன் ஏழுக்கு ஒன்று வாக்கில்தான். மண்ணெண்ணெயின் ஆக்டேன் குறைவு. அழுத்தம் கூடிய புது என்ஜினில் போட்டால் நேரத்துக்கு முன்னாலேயே வெடித்து, பிஸ்டனைத் தட்டும். "புதுக் காரெல்லாம் ஷெட்டில நிண்டது. கிழட்டு மோரிஸ்தான் பிள்ளைத்தாச்சிப் பெண்டுகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது" என்றார்.

அதற்கும் விலை உண்டு. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி இறங்கி என்ஜின் ஆயிலை நீர்த்துவிடும், பேரிங் தேயும். சில நேரம் என்ஜின் கார்புரேட்டர் வழியே திருப்பி வெடிக்கும். பெட்ரோல் பீய்ச்சிக்கொண்டிருப்பவர் முகம் அங்கேதான் இருக்கும். பெரியவர் வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் சுருங்கியிருக்கிறது. நான் கேட்கவில்லை, அவராகவே காட்டினார்.

இரண்டு ஊர், ஐம்பது வருஷ இடைவெளி. வித்தை கிட்டத்தட்ட ஒன்றுதான், புத்திசாலித்தனமும் உண்மைதான். கையில் காசில்லாத, எரிபொருள் இல்லாத மனுஷன் என்ஜினைப் படித்துப் புரிந்துகொண்டு ஓடவைத்திருக்கிறான். இதைக் கொண்டாடுவதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் இப்படிப்பட்ட கதைகளை 'செலவில்லாமல் செய்த சாதனை' என்று எழுதும்போது எனக்கு உறுத்துகிறது. செலவு இருந்தது. பெட்ரோல் பங்க்கில் கொடுக்காத காசை ஒரு பையனின் தலைவலியும் ஒரு மெக்கானிக்கின் கையும் கொடுத்தன.

எண்ணெய்க் கிணறு அழிந்த தேதியைத் தேடினால் கிடைத்துவிடுகிறது. விசிறி சுற்றிய பையன்களைப் பற்றித் தேடினால் எனக்கு ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. உங்கள் வீட்டில் கரி பஸ் பார்த்த பெரியவர் யாராவது இருந்தால், எப்படி ஓடியது என்பதோடு நிறுத்தாதீர்கள். விசிறியை யார் சுற்றினார்கள் என்றும் கேட்டு எழுதி வையுங்கள்.