போர்க்காலக் குடும்பக் கடிதங்கள் (பெங்களூரு)

போர்முனையில் இருக்கும் சிப்பாய்க்கும் வீட்டாருக்கும் இடையே படைத் தபாலில் சென்றுவந்த கடிதங்கள். பெங்களூரில் இவற்றின் கதை, அல்சூர் ஏரிப் பகுதியில் உள்ள மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவோடு பிணைந்தது. தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் பேசும் இவ்வீரர்களுக்குப் படையில் வழங்கும் செல்லப்பெயர் 'தம்பி'.

முதல் உலகப் போரில் இப்படையினர் மெசபடோமியாவில் போரிட்டனர். அக்காலச் சிப்பாய்களில் எழுதத் தெரியாதவர் மிகுதி. முகாமில் ஒருவர் சொல்ல மற்றொருவர் எழுதுவார். ஊரில் வேறொருவர் வாசித்துக் காட்டுவார். கணவன் மனைவி பேச்சுகூட நாலு பேர் காதில் விழுந்தது. போதாததற்குத் தணிக்கை வேறு. 1914இல் பிரான்சுக்குச் சென்ற இந்தியப் படையினரின் கடிதங்களை ஈவ்லின் ஹவெல் தலைமையிலான தணிக்கை அலுவலகம் படித்து, சில பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து அறிக்கையாக்கியது. இதையறிந்த சிப்பாய்கள் இந்தியரைக் கருமிளகு என்றும் வெள்ளையரைச் செம்மிளகு என்றும் மறைத்து எழுதினர்.

அவ்வறிக்கைகள் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. வரலாற்றாசிரியர் டேவிட் ஒமிசி அவற்றிலிருந்து தொகுத்த நூல் 1999இல் வெளிவந்தது. அதில் ஒலிப்பவை பெரும்பாலும் பஞ்சாபியர் குரல்களே. தென்னிந்தியச் சிப்பாயின் மனம் அங்கே போதிய அளவு பதிவாகவில்லை. இது பெரிய இழப்பு. வீடுகளின் டிரங்குப் பெட்டிகளில் தப்பிய கடிதங்களை ஆவணக் காப்பகங்கள் சேகரிப்பது அவசியம்.

விடுதலைக்குப் பின், வீட்டார் அனுப்பும் கடிதம் போய்ச் சேர, வீரரின் பெயர், எண், படைப்பிரிவு ஆகியவற்றோடு '56 ஏ.பி.ஓ.' அல்லது '99 ஏ.பி.ஓ.' (ராணுவ அஞ்சலகம்) என்று முகவரியில் எழுதினால் போதும். வீரர் இருக்கும் ஊரைக் குறிக்க வேண்டியதில்லை. ராணுவத் தபால் பணி 1972 மார்ச் 1இல் தனிப் படைப்பிரிவாயிற்று.