அன்னையர் தினம்: காலையில் தேவாலயம், மாலையில் பேரங்காடி

மே மாதம் வந்துவிட்டால் போதும், பேரங்காடிகளில் அன்னையர் தின மலிவு விற்பனை களைகட்டும். இது வியாபாரிகள் உண்டாக்கிய நாள் என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. ஆனால், இதன் தொடக்கம் ஒரு தேவாலயத்தில்.

1908ஆம் ஆண்டு மே 10, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் கிராஃப்டன் என்ற சிற்றூரின் மெதடிஸ்ட் தேவாலயம். காலை வழிபாட்டுக்கு 500 வெள்ளைக் கார்னேஷன் பூக்கள் வந்திருந்தன. அனுப்பியவர் ஆனா ஜார்விஸ். அந்த ஆலயத்தின் ஞாயிறு பள்ளியில் நெடுங்காலம் கற்பித்த அவருடைய தாயார் 1905இல் காலமானார். தாயாருக்குப் பிடித்த பூ அது.

பூ அனுப்பிய மகள் அங்கே இல்லை. பிற்பகலில் அவர் பிலடெல்பியாவில் பேசினார். எங்கே தெரியுமா? ஜான் வானமேக்கரின் பேரங்காடி அரங்கத்தில்!

யார் இந்த வானமேக்கர்? இருபது வயது நிறையுமுன்பே, 1858இல் ஒரு ஞாயிறு பள்ளியைத் தொடங்கிய பக்திமான். பழைய ரயில் சரக்குக் கிடங்கை வாங்கியவர், கடை திறக்குமுன் மூடி என்ற நற்செய்தியாளர் அங்கே கூட்டம் நடத்த இடம் கொடுத்தார். ஆயிரக்கணக்கானோர் ஜெபித்த அதே கூரையின் கீழ் 1876இல் விற்பனை தொடங்கியது. பேரம் இல்லை, எல்லாருக்கும் ஒரே விலை. கடவுள் முன் சமமானவர்கள் விலையின் முன்னும் சமம் என்பது அவர் எண்ணமாம். பின்னர் எழுந்த புதிய கட்டடத்தில், 1911இல், பிரம்மாண்டமான ஆர்கன் இசைக்கருவி ஒன்றையும் நிறுவினார். கடைக்குப் போனவர்களுக்குக் கோயிலுக்குப் போன உணர்வு வந்திருந்தால் வியப்பில்லை!

1914இல் அதிபர் வில்சன் இந்நாளை அதிகாரபூர்வமாக அறிவித்தார். அதன் பின் பூக்கடைக்காரர்கள் கார்னேஷன் விலையை ஏற்றினார்கள். வாழ்த்து அட்டைகளும் மிட்டாய்ப் பெட்டிகளும் குவிந்தன. தாய்க்குக் கைப்படக் கடிதம் எழுதுங்கள் என்றுதான் ஜார்விஸ் கேட்டிருந்தார். ஆங்கிலப் பெயரில் தாய் ஒருமையில்தான் இருக்க வேண்டும், அவரவருக்கு அவரவர் தாய் என்பதிலும் பிடிவாதமாக இருந்தார். தமிழில் நாம் ‘அன்னையர்’ என்று பன்மையாக்கிவிட்டது அவருக்குத் தெரியாது.

தாம் தொடங்கிய நாளை எதிர்த்தே அவர் போராடினார், வழக்காடினார். போரில் மைந்தரை அனுப்பிய தாய்மார்களின் சங்கம் நிதிக்காகக் கார்னேஷன் விற்றபோது, 1925இல் அவர்களின் மாநாட்டில் புகுந்து கூச்சலிட்டுக் கைதானார். மகனை அனுப்பிய தாய்களோடு சண்டையா என்று கேட்கத்தான் தோன்றும். மணமாகாத, பிள்ளையில்லாத அவர் 1948இல் ஒரு மருத்துவ இல்லத்தில் மறைந்தார்.

அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். முன்பு தமக்கு மேடை தந்த அதே வானமேக்கர் கடையின் தேநீர் அறையில், ‘அன்னையர் தின சாலட்’ என்று ஓர் உணவைக் கண்டாராம். கேட்டு வாங்கினார். எழுந்து நின்று அதைத் தரையில் கொட்டினார். பிறகு, அதற்கான பணத்தை மேசைமேல் வைத்துவிட்டு வெளியேறினார்.