ஒலியின் வழி நின்ற ஒளி

நாடகம் கண்ணுக்கும் செவிக்கும் ஒருங்கே விருந்தளிக்கும் கலையாகும். கண்ணுக்கு உரியது ஒளி. செவிக்கு உரியது ஒலி. இவை இரண்டும் தனித்தனியே எத்துணைச் சிறப்புடையனவாக இருப்பினும், உரிய நேரத்தில் ஒன்றோடொன்று பொருந்தாவிடில் காட்சி சிதைந்துவிடும். புயற்காட்சியில் இடி முழங்கி ஓய்ந்த பின்னர் மின்னல் மின்னுமாயின் அவையோர் நகைப்பர். துப்பாக்கி வெடிக்கும் ஓசை எழுமுன்னரே விளக்குகள் அணைந்துவிடுமாயின் துயரக்காட்சி கேலிக்கூத்தாகிவிடும். அரை நொடிப் பிழை, பல மாத ஒத்திகையின் பயனைக் கெடுத்துவிட வல்லது.

இப்பொருத்தத்தைத் தேடி மேடைக் கலைஞரும் பொறியியலாரும் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக உழைத்து வந்துள்ளனர். அவ்வுழைப்பின் வரலாறு முழுவதிலும் ஒரே வினா தொடர்ந்து வருகிறது. முன் செல்வது எது? அதன்வழி நிற்பது எது? இவ்வினா தமிழர்க்குப் புதியதன்று. மாதவியின் அரங்கேற்றத்தை விரித்துரைக்கும் இளங்கோவடிகள், குழலைப் பின்பற்றி யாழும், யாழைப் பின்பற்றித் தண்ணுமையும், தண்ணுமையைப் பின்பற்றி முழவும் இயங்கிய முறையினை எடுத்துக் காட்டுகிறார். தூணின் நிழல் உரிய இடத்திற்குப் புறத்தே விழும்படி விளக்கு நிறுத்தப்பட்டதையும் அதே காதையில் குறிப்பிடுகிறார். எனினும் அங்கு இசைக்கருவிகளே ஒன்றன்வழி ஒன்று நின்றன. விளக்கு நின்ற இடத்தில் நின்று எரிந்தது. விளக்கும் ஒலியின் வழி நிற்கத் தொடங்கியது மிகப் பிற்காலத்து நிகழ்ச்சியாகும்.

கையும் குரலும்

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய அரங்குகள் எரிவாயு விளக்குகளால் ஒளி பெற்றன. மேடையின் ஓரத்தில், குழாய்களின் திருகுகள் எல்லாம் ஒருங்கே அமைந்த மேசையின் முன் ஊழியர் ஒருவர் நிற்பார். அவர் திருகைத் திறந்தால் மேடை பொலிவுறும், அடைத்தால் மங்கும். 1837ஆம் ஆண்டு இலண்டன் கோவன்ட் கார்டன் அரங்கில் சுண்ணாம்பொளி பயன்படத் தொடங்கியது. சுண்ணாம்புக் கட்டியைக் கடுஞ்சுடரில் காய்ச்சிப் பெறும் அவ்வொளியைக் காக்க, விளக்கு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆள் வேண்டியிருந்தது. 1881ஆம் ஆண்டில் டாய்லி கார்ட் இலண்டனில் சவாய் அரங்கைக் கட்டி, ஜோசப் ஸ்வானின் மின்விளக்குகள் சுமார் 1,200ஐ அதில் பொருத்தினார். அவ்வாண்டு டிசம்பர் 28ஆம் நாள் அம்மேடையும் மின்னொளி பெற்றது.

விளக்கின் வகை மாறினும் அதனை இயக்கும் முறை மாறவில்லை. நாடகப் படியைக் கையில் ஏந்திய மேடை மேலாளர், ஒவ்வொரு மாற்றத்திற்கும் உரிய இடத்தை அப்படியில் குறித்து வைத்திருப்பார். இக்குறிப்பையே நாடகத் துறையினர் 'கியூ' என்பர். அவ்விடம் வந்ததும் அவர் குரல் கொடுப்பார், அல்லது சிறுவிளக்கால் அறிவிப்பார். சிவப்பு விளக்கு எரிந்தால் 'ஆயத்தமாயிரு' என்று பொருள். பச்சை விளக்கு எரிந்தால் 'செய்' என்று பொருள். அக்காலத்தில் ஒளி மனிதனின் வழி நின்றது. மனிதன் நடிகரின் வழி நின்றான்.

ஒளியை இசையோடு நேரடியாகப் பிணைக்க முயன்றவருள் உருசிய இசையறிஞர் அலெக்சாந்தர் ஸ்கிரியாபின் குறிப்பிடத்தக்கவர். 1910ஆம் ஆண்டில் நிறைவுற்ற 'புரோமித்தியசு' என்னும் தம் இசைப்படைப்பில், கருவிகளுக்குரிய வரிகளுக்கெல்லாம் மேலாக ஒளிக்கென ஒரு வரியை அவர் இசைக்குறியீட்டிலேயே எழுதி வைத்தார். 1911இல் மாஸ்கோவில் அப்படைப்பு முதன்முதல் இசைக்கப்பட்டபோது ஒளி இடம்பெறவில்லை. 1915ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நியூயார்க்குக் கார்னகி மண்டபத்தில்தான் வண்ணங்கள் திரையில் வீசப்பட்டன. அடுத்த திங்களே ஸ்கிரியாபின் மறைந்தார். கருத்து பிறந்துவிட்டது, அதற்குரிய கருவி இன்னும் பிறக்கவில்லை.

ஒலி பதிவான காலம்

பழைய மேடையில் ஒலியும் உயிரோட்டமுடையதாகவே இருந்தது. இடிக்குப் பெரிய தகரத்தை அசைத்தனர். மழைக்குப் பெட்டியில் பட்டாணியை உருட்டினர். பின்னர் இசைத்தட்டு வந்தது. சுழலும் தட்டில் உரிய வரிப்பள்ளத்தைத் தேடி முள்ளை இறக்குவது மிகுந்த பழக்கம் வேண்டும் பணியாயிற்று. 1935ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஏஇஜி நிறுவனம் காந்த ஒலிநாடாக் கருவியை பெர்லின் கண்காட்சியில் வைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அது நாடக அரங்குகளிலும் பரவியது. ஓர் ஓசைக்கும் அடுத்த ஓசைக்கும் இடையே ஒலி பதியாத வெண்ணாடாத் துண்டை ஒட்டி, இன்ன இடத்தில் நிறுத்துக என இயக்குபவர் அடையாளம் செய்துகொண்டார்.

இதனால் நேர்ந்த மாற்றம் பெரிது. உயிருள்ள நடிகர் ஒரு நாள் விரைந்து பேசுவார். மறுநாள் நிதானித்துப் பேசுவார். பதிவான ஒலியோ தன் நீளத்தை ஒருபோதும் மாற்றிக்கொள்வதில்லை. ஆகவே நாடாவின் எந்த நொடியில் எந்த விளக்கு எரிய வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்க இயன்றது. இவ்வுண்மையை முதலிற் பெரிய அளவில் பயன்படுத்தியவர் பிரான்சு நாட்டின் பால் ரோபேர் ஊதேன் ஆவார். அவர் புகழ்பெற்ற மாயவித்தைக் கலைஞர் ழான் யூழேன் ரோபேர் ஊதேனின் வழிவந்தவர். 1952ஆம் ஆண்டு மே திங்களில் ஷாம்போர் அரண்மனையில் அவர் நடத்திய 'ஒலியும் ஒளியும்' நிகழ்ச்சியில் நடிகர் எவரும் தோன்றவில்லை. இருளில் நின்ற மாளிகையே நடிகராயிற்று. ஒலிபெருக்கி வரலாற்றைச் சொல்ல, அதற்கேற்ப மாடங்களும் கோபுரங்களும் ஒளியில் எழுந்து மறைந்தன.

இப்புதுமை விரைந்து பரவியது. எகிப்தின் கீசா பிரமிடுகளில் 1961ஆம் ஆண்டும், தில்லிச் செங்கோட்டையில் 1965ஆம் ஆண்டும் இத்தகைய காட்சிகள் தொடங்கின. மதுரைத் திருமலை நாயக்கர் மகாலிலும் பின்னாளில் ஒலி–ஒளிக் காட்சி அமைக்கப்பட்டது. கண்ணகியின் கதை அங்குத் தூண்களின் மீது விழும் ஒளியால் காட்டப்பட்டது.

நினைவாற்றல் பெற்ற விளக்குகள்

ஒலி நாடாவில் பதிவாகிவிட்ட பின்னும் ஒளியை இயக்குதல் கைவேலையாகவே இருந்தது. 1947ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஐசனவர், மின்னணு முறையில் தொலைவிலிருந்தே விளக்குகளை ஆளும் பலகையை அமைத்தார். அதில் பத்துக் காட்சிகளுக்குரிய ஒளி அளவுகளை முன்னரே அமைத்து வைக்கலாம். எனினும் பிராட்வே அரங்குகள் பல, ஆட்கள் நின்று கைப்பிடிகளைத் தள்ளும் பழைய பலகைகளையே நெடுங்காலம் நம்பியிருந்தன.

1975ஆம் ஆண்டில் அந்நிலை மாறியது. 'எ கோரஸ் லைன்' என்னும் இசை நாடகத்திற்கு ஒளியமைத்த தாரன் மசர் அம்மையார், நினைவகமுடைய கணிப்பொறிப் பலகையை பிராட்வேயில் முதன்முதலாகப் பயன்படுத்தினார். ஒத்திகையில் ஒருமுறை செம்மை செய்த ஒளி அளவுகள் நினைவகத்தில் தங்கின. ஒரே பொத்தானால் அவை மீண்டும் தோன்றின. 1990ஆம் ஆண்டு வரை 6,137 முறை அந்நாடகம் அங்கு நடைபெற்றது. பலர் கைகோத்துச் செய்த வேலையைப் பொறி ஏற்றுக்கொண்டதால் கைப்பிடி தள்ளும் தொழில் மெல்ல மறைந்ததையும் இவ்விடத்தில் நினைவுகூர்தல் வேண்டும். ஆயினும் அக்கணிப்பொறிக்குச் செவி இல்லை. எவ்வளவு ஒளி என்பதை அது அறிந்திருந்தது. எப்போது என்பதை அறியவில்லை. அதனை மேடை மேலாளரின் குரலே அறிவித்தது.

நேரத்திற்கு ஒரு முகவரி

'எப்போது' என்பதைப் பொறிக்குக் கற்பித்தது நேரக்குறி என்னும் முறையாகும். 1967ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒளிநாடாவைத் தொகுப்பதற்காகப் பிறந்த இம்முறை, பின்னர் திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பொறியாளர் கழகத்தால் தரப்படுத்தப்பட்டது. வீட்டுக்கு முகவரி இருப்பதுபோல் நாடாவின் ஒவ்வொரு துணுக்குக்கும் மணி, நிமிடம், நொடி, சட்டம் என்னும் நான்கு உறுப்புகள் கொண்ட முகவரி தரப்பட்டது. ஒரு நொடி 24, 25 அல்லது 30 சட்டங்களாகப் பகுக்கப்பட்டது. இசையை ஒரு தடத்திலும் இம்முகவரியை வேறொரு தடத்திலும் பதிவு செய்துவிட்டால், விளக்குப்பலகை அதனைப் படித்துக்கொண்டே ஒலியைத் தொடரும். நாடாவைப் பின்னோக்கிச் சுற்றினாலும், இடையிலிருந்து தொடங்கினாலும், தான் நிற்க வேண்டிய இடத்தைப் பலகை தானே கண்டுகொள்ளும்.

அடுத்துத் தேவைப்பட்டது பொதுமொழி. ஒரு நிறுவனத்தின் கருவி பேசுவது மற்றொரு நிறுவனத்தின் கருவிக்கு விளங்காத நிலை நிலவிற்று. 1983ஆம் ஆண்டில் மின்னணு இசைக்கருவிகளுக்காக 'மிடி' என்னும் மொழி அறிமுகமாயிற்று. 1986இல் விளக்குகளுக்கென 'டிஎம்எக்ஸ் 512' என்னும் முறை வகுக்கப்பட்டது. ஒரே கம்பி வழியே 512 வழிகளை, ஒவ்வொன்றிலும் 256 படிநிலைகளோடு, அது ஆள வல்லது. 1991இல் சார்லி ரிச்மண்டு என்பாரின் முயற்சியால் மிடியின் கிளையாக மேடைக் கட்டுப்பாட்டு மொழி உருப்பெற்றது. 'செல்', 'நில்', 'தொடர்' என்னும் கட்டளைகளைக் குறிப்பின் எண்ணோடு சேர்த்து அனுப்ப அதனால் முடிந்தது. மேடை மேலாளர் ஆண்டாண்டாகச் சொல்லிவந்த சொற்களே பொறிகளின் சொற்களாயின.

மென்பொருளின் பட்டியல்

2006ஆம் ஆண்டில் கிறிஸ் ஆஷ்வொர்த் உருவாக்கிய 'கியூலேப்' என்னும் மென்பொருள் வெளிவந்தது. இத்தகைய மென்பொருள்களால், பெரிய அரங்குகளுக்கே உரியதாக இருந்த வசதி, கையடக்கக் கணிப்பொறி உடைய சிறு குழுக்களுக்கும் எட்டியது. தொடக்கத்தில் ஒலியையும் படத்தையும் இயக்கிய இம்மென்பொருள், 2016இல் வெளிவந்த நான்காம் பதிப்பிலிருந்து விளக்குகளையும் நேரடியாக இயக்குகிறது.

இதன் அமைப்பு எளியது. ஒலி, ஒளி, படம் ஆகிய குறிப்புகள் அனைத்தும் ஒரே பட்டியலில் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் முன்காத்திருப்பு நேரத்தைக் குறிக்கலாம். ஒன்று தொடங்கியவுடன் அடுத்ததும் தொடங்குமா, ஒன்று முடிந்தபின் அடுத்தது தொடங்குமா என்பதையும் முன்னரே விதிக்கலாம். புயற்காட்சிக்கு மின்னலை முதற்குறிப்பாகவும், இடியை இரண்டு நொடி காத்திருக்கும் இரண்டாம் குறிப்பாகவும் அமைத்துவிட்டால், ஒரே அழுத்தத்தில் இரண்டும் முறையாக நிகழும்.

எனினும் பட்டியலில் எண்களைப் பொருத்திவிட்டால் மட்டும் பொருத்தம் கிட்டிவிடாது. இழைவிளக்கின் இழை சூடேறச் சிறிது நேரமாகும். ஒளியுமிழ் விளக்கு நொடிப்பொழுதில் எரியும். ஆகவே இழைவிளக்கிற்குரிய கட்டளையை ஓசைக்குச் சற்று முன்னரே அனுப்புதல் வேண்டும். ஒலி ஒரு நொடியில் ஏறத்தாழ 340 மீட்டரே செல்வதால், ஒலிபெருக்கிக்கு 34 மீட்டர் தொலைவில் அமர்ந்தவர் ஓசையை நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமாகவே கேட்பார். கணிப்பொறி காட்டும் எண் சரியாக இருப்பினும், அவையோர் இருக்கையில் அமர்ந்து பார்த்தே இறுதி முடிவு செய்தல் வேண்டும்.

விரலில் தங்கிய உரிமை

இவ்வளர்ச்சியின் உச்சியில் நின்று நோக்கின், இரு வேறு வழிகள் தென்படுகின்றன. சிங்கப்பூரில் 2012இல் திறக்கப்பெற்ற கரையோரப் பூந்தோட்டத்தில், உயர்ந்தோங்கிய செயற்கை மரங்கள் இசைக்கேற்ப ஒளிர்ந்து மக்களை மகிழ்விப்பதைப் பலரும் அறிவர். அத்தகைய காட்சிகளில் இசை முன்னரே முடிவானது, நடிகர் இல்லை. ஆதலின் முழுப்பொறுப்பையும் நேரக்குறியிடம் ஒப்படைத்தல் பொருந்தும். பதிவு செய்த இசைக்கு ஆடப்பெறும் நடனத்திற்கும் பெரும்பாலும் இம்முறை ஏற்றதே.

உரையாடல் நாடகத்தின் இயல்பு வேறு. அவையோர் எதிர்பாராது சிரித்தால் நல்ல நடிகர் அச்சிரிப்பு அடங்கும் வரை காத்திருப்பார். தாயின் மரணத்தைக் கேட்ட மகன் எத்துணை நேரம் வாயடைத்து நிற்க வேண்டும் என்பதை எக்கடிகாரமும் விதிக்க இயலாது. அங்கே நேரக்குறியைத் தலைமையாக்கினால், நடிகர் நாடாவுக்கு அடிமையாவார். தம் துயரத்தை முடித்துக்கொள்ளுமுன் விளக்கணைந்துவிடுமோ என்று அஞ்சி வசனத்தை விரட்டுவார். இதனை உணர்ந்தமையாலேயே இன்றைய மென்பொருள்களும் 'செல்' என்னும் பெரிய பொத்தானை மனிதனின் விரலுக்கென விட்டு வைத்துள்ளன. அப்பொத்தானை அழுத்திய பின் நிகழ்வன பொறிக்குரியவை. அழுத்தும் தருணம் மனிதனுக்குரியது. கனத்த அரங்கப்பொருள்கள் நகரும் இடத்தும் வெடிப்பொறிகள் இயங்கும் இடத்தும், கண்ணால் கண்டு இசைவு தரும் மனிதன் இன்றியமையாதவன். அங்கே உயிர்ப்பாதுகாப்பும் அவ்விசைவைப் பொறுத்திருக்கிறது.

பள்ளி மேடைகளில் தமிழ் நாடகம் நடத்தும் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இவ்வரலாறு பயன்படத்தக்கது. முன்பு நால்வர் செய்த வேலையை இன்று ஒரு மாணவர் ஒரு கணிப்பொறியின் முன் அமர்ந்து செய்யலாம். ஆனால் அம்மாணவர் திரையை மட்டும் நோக்கியிருத்தல் போதாது. நாடகப்படியை முழுதும் பயின்று, நடிகரின் மூச்சை அறிந்து, எந்தச் சொல்லுக்குப் பின் மௌனம் வேண்டும் என்பதைத் தமிழ் உணர்வோடு தெளிந்திருத்தல் வேண்டும். அவ்வாறு தெளிந்த மாணவருக்கே அப்பொத்தானை ஒப்படைப்பது தக்கது.