உழவர் சந்தையும் தாத்தாவின் கத்திரிக்காயும்

பொட்டி தட்டுறவனுக்கு ஞாயித்துக்கிழமைன்னா பத்து மணிக்குத்தான் விடியும். போன மாசம் மதுரைக்குப் போயிருந்தப்ப அப்பா அஞ்சரைக்கே எழுப்பி, கையில ரெண்டு மஞ்சப்பையைத் திணிச்சுட்டார். "கிளம்புடா, அண்ணா நகர் உழவர் சந்தைக்கு." தங்கமணி, மூணு வயசு வாண்டு, அம்மான்னு மொத்தக் குடும்பமும் ரெடி.

உள்ளே போனதும் தங்கமணி வழக்கம்போல ஆரம்பிச்சாங்க. "கத்திரிக்கா அஞ்சு ரூபா கொறைச்சுக் குடுங்கம்மா." கடையில இருந்த அம்மா சிரிச்சுக்கிட்டே கையைக் காட்டினாங்க. "வெலைய நானா வச்சேன் தாயி? போர்டுல பாரு." அவ்ளோதான், கப்சிப்!

அந்த போர்டுக்குப் பின்னாடி ஒரு வரலாறே இருக்குங்க. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை மதுரையிலதான் ஆரம்பிச்சது. 1999 நவம்பர் 14, அன்னிக்கும் ஞாயித்துக்கிழமை. அப்போ முதல்வரா இருந்த கருணாநிதி திறந்து வச்சார். யோசனை அவரோட சொந்தச் சரக்குன்னு சொல்ல முடியாது. பஞ்சாப்ல 1987-லேயே 'அப்னி மண்டி' வந்துடுச்சு, ஆந்திராவில 1999 ஜனவரியில 'ரைத்து பஜார்'.

மதுரைக்கும் சந்தை புதுசில்லை. மதுரைக்காஞ்சியிலேயே பகலுக்கு நாளங்காடி, ராத்திரிக்கு அல்லங்காடி! ஆனா விளைய வச்சவன்தான் விக்கணும்னு போட்டோ ஒட்டின அடையாள அட்டை கேக்குறது இருக்கே, அதுதான் இங்க விஷயம். கடைக்கு வாடகை கிடையாது. தராசும் அவங்களே தருவாங்க. தினமும் காலையில மொத்த மார்க்கெட் நிலவரத்தைப் பார்த்து, அதைவிடக் கூட, வெளிக்கடை விலையைவிடக் கம்மின்னு நடுவுல ஒரு விலை வச்சு போர்டுல எழுதிடுவாங்க. இடையில தரகர் தின்னது ரெண்டு பக்கமும் பிரியுது.

2001-ல ஆட்சி மாறினதும் பல சந்தைகள் கவனிப்பில்லாம காத்தாடுச்சு. 2006-ல மறுபடி மாறினப்பதான் தூசி தட்டினாங்க. தக்காளிக்குக் கூட கட்சி இருக்கு நம்ம ஊர்ல!

இனி கொஞ்சம் கொசுவத்தி. எங்க தாத்தா கத்திரிக்காய் போட்டவர். விதைப்புக்கு ஒரு கமிஷன் மண்டியில முன்பணம் வாங்குவார். வாங்கிட்டா காய் அங்கதான் போகணும், அவங்க சொன்னதுதான் விலை. தரகு, சுமைகூலி, கழிவுன்னு பிடிச்சது போக ஒரு துண்டுச் சீட்டு வரும். ஒரு தடவை அந்தச் சீட்டுல இருந்த தொகை வண்டி வாடகைக்கே பத்தலையாம். மாட்டு வண்டிக்காரருக்குப் பாட்டியோட வெள்ளிக் கொலுசுதான் போச்சு. 1996-ல தாத்தா நிலத்தை வித்துட்டார். உழவர் சந்தை வந்தது அதுக்கு மூணு வருஷம் கழிச்சு.

இருந்திருந்தா நிலம் தப்பிச்சிருக்குமா? அப்பா ஆமாங்கிறார். எனக்கு அவ்ளோ நம்பிக்கை இல்லை. காலையில இருந்து ஒரு ஆள் கடையில உக்காரணும், அப்போ தோட்டத்துல யாரு? கூடை ரெண்டு கூடைக்கு இது சரி, ஒரு லோடு காய் வந்தா மறுபடி மண்டிதான். விவசாயி பேர்ல வியாபாரி உள்ளே புகுந்துட்டான்ங்கிற புகாரும் அப்பப்ப வருது.

பை நிறைஞ்சு வெளியே வரும்போது அப்பா ஒண்ணு சொன்னார். சந்தை திறந்த புதுசுல தாத்தாவைக் கூட்டிட்டு வந்தாராம். தாத்தா எதுவும் வாங்கலை. ஒரு கீரைக்காரர் பக்கத்துல குந்தி, ரொம்ப நேரம் வியாபாரத்தையே பார்த்துக்கிட்டு இருந்திருக்கார். கடைசியில ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்.

"சீட்டு கிடையாதாப்பா? காசு கையிலேயே வந்துருதா?"