சிரம்பான் தோட்டத்திலிருந்து சிங்கப்பூர் ஒலிபரப்பின் தலைமைக்கு: எஸ். ராஜரத்தினத்தின் பயணம்

1963 பிப்ரவரி 15 மாலை, சிங்கப்பூரில் முதன்முதலாகத் தொலைக்காட்சி ஒளிபரப்பானது. சேவையைத் தொடக்கி வைத்துப் பேசியவர் அன்றைய கலாசார அமைச்சர் எஸ். ராஜரத்தினம். மலேசியாவில் தொலைக்காட்சி அதே ஆண்டு டிசம்பர் 28-ஆம் தேதிதான் தொடங்கியது.

பெயர் கலாசார அமைச்சு என்றாலும், வானொலி, தொலைக்காட்சி, அரசுச் செய்தி வெளியீடு ஆகியவையும் அதன் பொறுப்பில்தான் இருந்தன. அரசாங்கம் மக்களிடம் எதை, எந்த மொழியில், எப்படிச் சொல்வது என்பதைக் கவனிக்கும் பதவி அது. அதில் அமர்ந்தவர் முந்தைய பத்தாண்டுகளாக அரசாங்கத்தைக் கேள்வி கேட்டே எழுதிவந்த பத்திரிகையாளர். வானொலிக்கும் எழுதியவர். மலாக்காவிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சிரம்பானில் வளர்ந்த தமிழர்.

தோட்டத்துச் சூழலில் பிள்ளைப் பருவம்

சின்னத்தம்பி ராஜரத்தினம் 1915 பிப்ரவரி 25-ஆம் தேதி யாழ்ப்பாணத்தின் வட்டுக்கோட்டையில் பிறந்தார். தந்தை சபாபதிப்பிள்ளை சின்னத்தம்பி அப்போதே மலாயாவில் வேலையில் இருந்தார். பிரசவத்திற்காக ஊருக்குச் சென்ற தாயார், கைக்குழந்தையுடன் மலாயா திரும்பினார்.

தந்தை ரப்பர் தோட்ட மேற்பார்வையாளர். அக்காலத் தோட்டங்களில் தமிழரிடையேயும் படிநிலை இருந்தது. பால்மரம் வெட்டியவர்கள் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து வந்து லயங்களில் குடியிருந்தார்கள். கிராணி, மருத்துவ உதவியாளர், ரயில்வே எழுத்தர் போன்ற வேலைகளில் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத் தமிழரும் மலையாளிகளும் அதிகம் இருந்தார்கள். ராஜரத்தினம் பிறந்தது இந்த இரண்டாவது பிரிவில். அதனால் சிரம்பான் செயின்ட் பால்ஸ் பள்ளி, கோலாலம்பூர் விக்டோரியா கல்விக்கூடம், சிங்கப்பூர் ராஃபிள்ஸ் கல்விக்கூடம் எனப் படிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. லயத்துப் பிள்ளைகளுக்கு அன்று இருந்தவை தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் தொடக்க வகுப்புகள்தாம்.

லண்டன்: சட்டம் போய் எழுத்து வந்தது

1930-களின் நடுப்பகுதியில் சட்டம் படிக்க லண்டன் கிங்ஸ் கல்லூரிக்குச் சென்றார். இரண்டாம் உலகப் போர் மூண்டதும் வீட்டிலிருந்து பணம் வருவது தடைப்பட்டது. படிப்பு முடியவில்லை. பிழைப்புக்காக எழுதத் தொடங்கியவர், கட்டுரைகளோடு ஆங்கிலத்தில் சிறுகதைகளும் எழுதினார். ஹங்கேரியைச் சேர்ந்த பிரோஸ்கா ஃபெஹரை அங்கேயே மணந்தார்.

அவருடைய எழுத்து ஜார்ஜ் ஆர்வெலின் கண்ணில் பட்டது. 1941 முதல் 1943 வரை பிபிசி கிழக்குச் சேவையின் இந்தியப் பிரிவில் பணியாற்றிய ஆர்வெல், இந்தியாவுக்கும் கிழக்கு நாடுகளுக்கும் போகும் ஒலிபரப்புகளுக்காக ஆசிய எழுத்தாளர்களைத் தேடிச் சேர்த்துக்கொண்டிருந்தார். ராஜரத்தினமும் அந்தச் சேவைக்கு உரைகள் எழுதிக் கொடுத்தார். ஒலிபரப்புடன் அவருக்கு ஏற்பட்ட முதல் தொடர்பு அது.

அரசாங்கத்தைக் கேள்வி கேட்ட பேனா

போருக்குப் பின் மனைவியுடன் மலாயா திரும்பிய ராஜரத்தினம், 'மலாயன் டிரிபியூன்', 'சிங்கப்பூர் ஸ்டாண்டர்ட்', 'ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' ஆகிய நாளிதழ்களில் 1959 வரை பணியாற்றினார். அவசரகாலச் சட்டம் நடப்பில் இருந்த ஆண்டுகள் அவை. இருந்தும் காலனி ஆட்சியை வெளிப்படையாக விமர்சித்தார். அவருடைய பத்தி எழுத்துக்காக அதிகாரிகள் அவரை அழைத்து விசாரிக்கும் அளவுக்கு அது போனது. செய்தியாளர் தொழிற்சங்கத்திலும் முன்னணியில் நின்றார்.

1954 நவம்பர் 21-ஆம் தேதி லீ குவான் இயூ, கோ கெங் சுவீ, தோ சின் சாய் முதலானோருடன் சேர்ந்து மக்கள் செயல் கட்சியைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர்.

1957: நாடு எப்படி உருவாகும்?

1956 பிப்ரவரி 20-ஆம் தேதி மலாக்கா பண்டார் ஹிலிர் திடலில் துங்கு அப்துல் ரஹ்மான் சுதந்திர நாளை அறிவித்தார். 1957 ஆகஸ்டு 31 என்று தேதி தெரிந்துவிட்டது. அந்த நாட்டில் யார் யார் எந்த இடத்தில் இருப்பார்கள் என்பதுதான் தெரியாமல் இருந்தது.

அந்தக் கேள்வியை ராஜரத்தினம் வானொலிக்குக் கொண்டுபோனார். 'உருவாகிவரும் ஒரு நாடு' என்று பொருள்படும் தலைப்பில் அவர் எழுதிய ஆறு பகுதி நாடகத்தை ரேடியோ மலாயா 1957-இல் ஒலிபரப்பியது. பல இனம், பல மொழி, பல சமயம் கொண்டவர்கள் ஒரே நாட்டு மக்களாக முடியுமா என்பதே அதன் விவாதம். முடியும் என்பது அவர் கட்சி. நாடு என்பது இரத்தத்தால் வருவதல்ல, சேர்ந்து வாழ முடிவெடுத்தவர்கள் உருவாக்கிக்கொள்வது என்ற கருத்தைக் கடைசிவரை அவர் விடவில்லை.

நாடகம் ஆங்கிலத்தில் இருந்தது. லயங்களில் தமிழ் ஒலிபரப்பைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களை அது நேரடியாக எட்ட வழியில்லை. ஆனால் அதில் பேசப்பட்டது அவர்களுடைய பிரச்சினையும்தான். குடியுரிமைக்கு விண்ணப்பிக்காமலோ, விண்ணப்பித்தும் கிடைக்காமலோ போன தோட்டத் தமிழர்கள் பலர் சிவப்பு அடையாள அட்டையோடு நின்றார்கள். 1969-க்குப் பின் வேலை பெர்மிட் கட்டாயமானபோது பலர் இந்தியா திரும்ப நேர்ந்தது.

ஒலிபரப்பின் பொறுப்பில்

1959 மே 30 தேர்தலில் மக்கள் செயல் கட்சி வென்றது. கம்போங் கிளாம் தொகுதியில் வெற்றி பெற்ற ராஜரத்தினம் கலாசார அமைச்சரானார். ரேடியோ மலாயாவிலிருந்து பிரிந்து ரேடியோ சிங்கப்பூரா தனி நிலையமாகி அப்போது சில மாதங்களே ஆகியிருந்தன.

அவர் செய்த முதல் வேலைகளில் ஒன்று 'அனேக ராகம் ராயாட்' என்ற இலவசக் கலைநிகழ்ச்சி. மலாய், சீன, இந்திய ஆடல் பாடல்கள் ஒரே மேடையில் நடந்தன. அதுவரை தத்தம் இனத்து நிகழ்ச்சிக்கு மட்டுமே போய்வந்தவர்கள் ஒரே திடலில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

1961-இல் மலேசிய இணைப்பு பற்றிய சர்ச்சை முற்றியபோது, லீ குவான் இயூ ரேடியோ சிங்கப்பூராவில் 12 தொடர் உரைகளை ஆற்றினார். ஓர் அரசு தன் வாதத்தை வானொலி வழியே வீடு வீடாகக் கொண்டுபோனதற்கு இந்த வட்டாரத்தில் அது முக்கிய எடுத்துக்காட்டு. 1963-இல் தொலைக்காட்சி வந்தபோது மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என நான்கு மொழிகளுக்கும் அதில் இடம் இருந்தது.

23 மாத மலேசியா

1963 செப்டம்பர் 16-ஆம் தேதி சிங்கப்பூர் மலேசியாவில் இணைந்தது. ஒலிபரப்பு மத்திய அரசின் அதிகாரத்திற்கு உட்பட்டது. ஆனால் சிங்கப்பூர் வானொலி, தொலைக்காட்சியின் அன்றாட நிர்வாகம் மாநில அரசிடம் விடப்பட்டது. இணைப்பு ஒப்பந்தத்தில் இதற்கென்றே தனிப் பிற்சேர்க்கை இருந்தது. ஒரே நாட்டில் இரு தலைநகரங்களிலிருந்து இரு வேறு அரசியல் குரல்கள் ஒலிக்க இது இடம் கொடுத்தது.

1964 ஏப்ரல் தேர்தலில் மக்கள் செயல் கட்சி தீபகற்பத்திலும் நின்றது. வென்றது பங்சார் ஒன்றில் மட்டும். அங்கே வென்ற சி. வி. தேவன் நாயர் 1923-இல் மலாக்காவில் பிறந்தவர், ரப்பர் தோட்டக் கிராணியின் மகன். அதே ஆண்டு ஜூலை 21-ஆம் தேதி சிங்கப்பூரில் இனக்கலவரம் வெடித்தது. 1965 மே மாதம் 'மலேசியருக்கான மலேசியா' முழக்கத்துடன் எதிர்க்கட்சிகள் ஓரணியில் திரண்டன. அந்த முழக்கத்தை உரக்கச் சொன்னவர்களில் ராஜரத்தினம் முக்கியமானவர்.

1965 ஆகஸ்டு 9-ஆம் தேதி சிங்கப்பூர் பிரிந்தது. பிரிவினை ஒப்பந்தத்தில் கையெழுத்திட அவரும் தோ சின் சாயும் முதலில் தயங்கினார்கள். பெற்றோரும் உறவினரும் வாழ்ந்த நாடு ஒரே நாளில் அயல்நாடாக மாறியது. வானொலி நாடகத்தில் எழுதிய நாடு ஒருபுறம், கையெழுத்திட்டுப் பெற்ற நாடு மறுபுறம் என்று ஆனது.

அடுத்த ஆண்டே சிங்கப்பூரின் தேசிய உறுதிமொழியை எழுதும் பணி அவரிடம் வந்தது. இன, மொழி, சமய வேறுபாடு பாராமல் ஒன்றுபட்ட மக்களாக வாழ்வது என்பதே அதன் சாரம். லீ குவான் இயூ திருத்தங்கள் செய்தார். 1966 ஆகஸ்டு முதல் பள்ளிகளில் மாணவர்கள் அதை ஒப்புவிக்கத் தொடங்கினார்கள். 1957 நாடகத்தின் கருத்து சில வரிகளாகச் சுருங்கி மாணவர்களின் வாய்க்கு வந்தது.

பத்திரிகையாளர் ஆட்சிக்கு வந்த பிறகு

அவர் வாழ்க்கையில் விவாதத்திற்கு உரிய பகுதியும் உண்டு. 1971-இல் சிங்கப்பூரில் 'நன்யாங் சியாங் பாவ்' நாளிதழின் நிர்வாகிகள் நால்வர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தடுத்துவைக்கப்பட்டனர். 'ஈஸ்டர்ன் சன்' நின்றது. 'சிங்கப்பூர் ஹெரால்டு' உரிமம் இழந்தது. 1974-இல் பத்திரிகை, அச்சகச் சட்டம் வந்தது. ஒரு காலத்தில் தன் பத்திக்காக விசாரிக்கப்பட்ட ராஜரத்தினம், இப்போது அமைச்சரவையின் பக்கம் நின்று அரசின் நிலைப்பாட்டை ஆதரித்தார்.

இனக்கலவரத்தைக் கண்ணால் கண்ட தலைமுறை, இன உணர்வைத் தூண்டும் எழுத்துக்கு இடம் கொடுக்க அஞ்சியது என்பது ஆதரவாளர்களின் விளக்கம். அச்சம் எவ்வளவு உண்மையானாலும், கேள்வி கேட்கும் இதழ்கள் இல்லாமல் போனதற்கு அது ஈடாகாது என்பது விமர்சகர்களின் பதில். அவரை முழுமையாக அறிய விரும்புவோர் இந்த இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

உலக அரங்கிலும் இறுதி ஆண்டுகளிலும்

1965-இல் சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சரான ராஜரத்தினம் 1980 வரை அப்பதவியில் இருந்தார். 1967 ஆகஸ்டு 8-ஆம் தேதி பாங்காக்கில் ஆசியான் அமைப்பைத் தொடங்கும் பிரகடனத்தில் துன் அப்துல் ரசாக், ஆதாம் மாலிக், நார்சிசோ ராமோஸ், தனாட் கோமன் ஆகியோருடன் கையெழுத்திட்டார். பிரிந்து இரண்டே ஆண்டுகளில் மலேசியாவும் சிங்கப்பூரும் சம உறுப்பினர்களாக ஒரே மேசையில் அமர்ந்தன.

பின்னர் இரண்டாம் துணைப் பிரதமராகவும் மூத்த அமைச்சராகவும் இருந்து 1988-இல் அரசியலிலிருந்து விலகினார். 2006 பிப்ரவரி 22-ஆம் தேதி, 91-ஆவது பிறந்தநாளுக்கு மூன்று நாள் முன்பு காலமானார். சிங்கப்பூரில் அனைத்துலக ஆய்வுக் கல்லூரி ஒன்று அவர் பெயரைத் தாங்கியுள்ளது. அவருடைய சிறுகதைகளும் வானொலி நாடகங்களும் ஐரீன் இங் தொகுத்த ஆங்கில நூலில் கிடைக்கின்றன. அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதியவரும் ஐரீன் இங்தான்.

மலாக்காவின் இன்னொரு இழை

பங்சாரில் வென்ற தேவன் நாயர் 1981-இல் சிங்கப்பூரின் அதிபரானார். அவருடைய மகன் ஜனதாஸ் தேவனும் எழுத்துத் துறைக்கே வந்தார். 'ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' இதழில் பணியாற்றியதோடு, அமெரிக்காவிலிருந்து வாராந்திர வானொலி உரைகளும் வழங்கினார். 2012-இல் அவர் சிங்கப்பூர் அரசின் தகவல் தொடர்புத் தலைவராக நியமிக்கப்பட்டார்.

சிரம்பான் தோட்ட மேற்பார்வையாளரின் மகன் ஒருவர், மலாக்கா தோட்டக் கிராணியின் பேரன் மற்றொருவர். அரை நூற்றாண்டு இடைவெளியில் இருவரும் செய்தித் துறையிலிருந்து ஒரே அரசின் தகவல் பொறுப்புக்குச் சென்றார்கள். இருவர் வீட்டுக்கும் ஏணியாக இருந்தது ஆங்கிலப் பள்ளிக் கல்வி. அதே தோட்டங்களின் லயத்துப் பிள்ளைகளுக்கு அந்த ஏணி எட்டப் பல பத்தாண்டுகள் ஆயின.